செவ்வாய்க்காரர்களும் வியாழக்காரர்களும்

நடந்தது இந்த வரிசையில்:

1. எங்கள் பல்கலைக்கழகத்தில் துறைத் தலைமை சுழற்சி முறையில் வரும். இயன்முறை மருத்துவத் துறையில் எனக்கு மேலே இருவர் இருந்தார்கள். ஒருவர் ஓய்வு பெற்றார். இன்னொருவர் தனக்கு ரத்த அழுத்தம் என்று எழுதிக் கொடுத்தார். நாற்காலி என்னிடம் வந்தது.

2. அதே பருவத்தில் கழுத்து வலி ஆய்வு தொடங்கியது. என் மாணவியின் முனைவர் பட்டம் முழுக்க அதை நம்பித்தான் இருந்தது.

3. தில்லி ஆர்.கே.புரம் அரசுக் குடியிருப்பிலிருந்து பெண்களைச் சேர்த்தோம். ஒரு குழு செவ்வாய்க்கிழமை வந்து கழுத்துத் தசைகளுக்கான பயிற்சியைக் கற்றுக்கொண்டது. இன்னொரு குழு வியாழக்கிழமை வந்து வழக்கமான ஒத்தடத்தையும் அறிவுரையையும் பெற்றது. யார் எந்தக் குழு என்பது ஒட்டிய உறைக்குள் இருந்த சீட்டைப் பொறுத்தது.

4. பிப்ரவரித் தொடக்கத்தில் கடைசி அளவீடும் முடிந்தது.

5. அதன்பின் ஒரு ஞாயிறு காலை, மலை மந்திர் முருகன் கோயிலிலிருந்து இறங்கிப் பூங்கா வழியாக வந்தபோது, செவ்வாய்க்காரர்களும் வியாழக்காரர்களும் ஒன்றாக நின்று ஒரே பயிற்சியைச் செய்வதைப் பார்த்தேன்.

ஐந்தாவதை எழுதும்போது இப்போது சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை.

பிப்ரவரிக் கடைசி. ஸ்வெட்டரைப் பெட்டியில் வைக்கலாமா என்று தில்லி யோசித்துக்கொண்டிருக்கும் நேரம். அந்தப் பெண்கள் புடவைமேல் ஸ்வெட்டரும் காலில் ஸ்போர்ட்ஸ் ஷூவுமாக நின்றிருந்தார்கள். கையோடு கொண்டுவந்த துப்பட்டாவைப் பின்தலையில் சுற்றி, இரண்டு முனைகளையும் முன்பக்கம் இழுத்துப் பிடித்து, தலையை அதற்கு எதிராகப் பின்னால் தள்ளினார்கள். நாங்கள் செவ்வாய்க்கிழமைகளில் கற்றுக்கொடுத்தது அதேதான். நடத்தியவர் செவ்வாய்க் குழுவில் இருந்த ஓர் அம்மா. ஓர் அமைச்சகத்தில் ரகசியக் கோப்புகளைக் கையாளும் பிரிவில் வேலை, ஓய்வுக்குச் சில வருடங்கள் பாக்கி.

"தோளத் தூக்காதீங்க! நீச்சே, நீச்சே!" என்று தமிழிலும் இந்தியிலும் அதட்டிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்துக் கையாட்டினார். "டாக்டர்! பாத்தீங்களா, உங்க கிளாஸ இப்ப நான் எடுக்கறேன்!"

நானும் கையாட்டினேன். ஆனால் என் கண் முன்வரிசையில் இருந்தது. அங்கே நின்ற இருவரும் வியாழக்காரர்கள். தாடை சீராக உள்ளே போனது, தோள் அசையவே இல்லை. அந்த நிதானம் ஓரிரு வாரத்தில் வருவதில்லை.

ஆய்வு நடந்த மாதங்களிலேயே வியாழக்காரர்களும் ரகசியமாக இதைச் செய்துவந்திருந்தால், ஒப்பிட எங்களிடம் ஒன்றுமில்லை. இரண்டு குழுவும் ஒரே குழுவாகிவிடும். மாணவி தனக்குக் கிடைக்கக்கூடிய கால நீட்டிப்பை எல்லாம் வாங்கி முடித்திருந்தாள். ஆய்வைத் திரும்பச் செய்ய வழியில்லை.

அவள் லோதி ரோடில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். பேசுவாள், வாசிக்க வராது. மறுநாள் காலை என் அறையில் விஷயத்தைச் சொன்னதும் பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல் நின்றாள்.

"எல்லாருமா மேம்? ஸப் கே ஸப்?"

"பாதிப் பேருக்கு மேல இருந்தாங்க."

"நாம பாக்கலைன்னு வச்சுக்கலாமா?"

"நான் பாத்துட்டேனே."

"நீங்க ஏன் மேம் கோயிலுக்கெல்லாம் போறீங்க?"

இருவரும் சிரித்துவிட்டோம். பிறகு அவள் பையை இறக்கி வைத்து, "கேட்டுடலாம் மேம். தெரியாம இருக்கறது இன்னும் கஷ்டம்" என்றாள். எனக்கு அவளைப் பிடித்துப்போன பல காரணங்களில் இதுவும் ஒன்று.

அந்தக் குடியிருப்பைத் தெரிந்தவர்களுக்கு எங்கள் திட்டத்தின் ஓட்டை உடனே தெரிந்திருக்கும். அங்கே பலன் தந்த எதுவும் ஒரு வீட்டோடு நிற்பதில்லை. டியூஷன் மாஸ்டர், முட்டிக்கான தைலம், குழாய் ரிப்பேர்க்காரரின் நம்பர் எல்லாம் சாயங்காலத்துக்குள் நாலு மாடியும் ஏறிவிடும். பாதியில் நின்றுவிடாமல் வருவார்கள் என்பதற்காகவே எல்லோரையும் ஒரே இடத்தில் சேர்த்தோம். கிழமையைப் பிரித்தோம். மாடிப்படியைப் பிரிக்க முடியவில்லை.

அந்த வாரம் துறையில் வேறு அமளிகளும் இருந்தன. துறையைப் பார்வையிட மேலிடத்துக் குழு வரப்போகிறது என்று சுவருக்கு வெள்ளையடித்தார்கள். இழுவைச் சிகிச்சை இயந்திரம் பழுதாகிக் கிடந்தது. கால அட்டவணைக்காக இரண்டு ஆசிரியர்கள் என் மேசைக்கு இருபுறமும் நின்று வாதாடினார்கள். ஒருவரிடமிருந்து மற்றவரிடம் திரும்பித் திரும்பி என் கழுத்து வலப்பக்கம் பிடித்துக்கொண்டது. "மேம், துப்பட்டா தரட்டுமா?" என்றாள் மாணவி.

பெண்களை ஒவ்வொருவராக வரச்சொன்னோம். என்ன பதில் எங்களுக்கு வேண்டும் என்று காட்டிக்கொள்ளாமல், எப்போதிலிருந்து செய்கிறார்கள் என்று மட்டும் கேட்டேன். முதலில் வந்தவர் வியாழக்காரர், திருநெல்வேலிப் பக்கம். கோப்புப் பிரிவு அம்மாவுக்கு எதிர்வீடு.

"கடைசியா வந்து அளந்துட்டுப் போனோம்லா, அதுக்குப் பொறவுதான்" என்றார்.

"அதுக்கு முன்னாடி?"

"எங்க! கேட்டுக் கேட்டு வாய் வலிச்சதுதான் மிச்சம். 'அங்க என்ன சொல்லித் தாராவ'ன்னு கேட்டா, 'கையெழுத்துப் போட்டிருக்கேன், சொல்லக் கூடாது'ங்காவ. எம் மவளுக்குப் பாத்த மாப்பிள்ள வெவரம் மொதக்கொண்டு நான் அவ்வகிட்ட சொல்லியாச்சு. அவ்வ ஒரு கழுத்து விசயத்தச் சொல்லல. கொஞ்ச நாள் பேச்சுவார்த்தையே இல்ல எங்களுக்குள்ள."

நான் முகத்தை மாற்றாமல் குறித்துக்கொண்டேன். அடுத்தடுத்து வந்தவர்களும் அதையே வேறு வேறு கோபத்தில் சொன்னார்கள்.

பிறகு அந்த அம்மாவே வந்தார், அலுவலக அடையாள அட்டை கழுத்தில் தொங்க.

"ஏம்மா, எந்தப் பேப்பர்னாலும் படிச்சுட்டுத்தான் நான் கையெழுத்துப் போடுவேன். ஆய்வு முடியற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அதுல இருந்தது. எங்க வீட்டுக்காரருக்கும் கழுத்து வலிதான், அவருக்கே சொல்லல. கடைசி நாள் உங்க ஸ்டூடன்ட் பொண்ணுகிட்ட கேட்டேன், முடிஞ்சுதாடான்னு. முடிஞ்சுது ஆன்ட்டின்னா. அப்புறம்தான் ரிலீஸ்."

சம்மதப் படிவத்தில் அந்த வரியை வைத்தது நாங்கள்தான். அதை யாராவது இப்படிக் காப்பாற்றுவார்கள் என்று நாங்கள் நினைத்திருக்கவில்லை. கதவருகே நின்ற மாணவி மெல்ல ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

முன்வரிசை இருவர் மிச்சம். சேர்ந்தே வந்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அவங்க எங்களுக்குச் சொல்லல டாக்டர்" என்றார் ஒருவர். "ஆனா அவங்க தினமும் பால்கனியில நின்னு செய்வாங்க. எங்களுது பின்பக்க பால்கனி. நேரா தெரியும்."

"எப்போலேருந்து?"

"தீபாவளிக்கு முன்னாடியே" என்றார் மற்றவர், குரலைத் தாழ்த்தி. "தப்பா டாக்டர்? வலிச்சுது, அதான்."

தப்பில்லை என்றேன். வலிக்கிறவர் எதிர் பால்கனியைப் பார்க்கத்தான் செய்வார். இதைக் கேள்விப்பட்டு உண்மையில் நொந்துபோனவர் கோப்புப் பிரிவு அம்மாதான். "கதவச் சாத்திட்டுச் செஞ்சிருக்கணும்" என்று அன்று எனக்கு இரண்டு முறை போன் செய்தார்.

எல்லாவற்றையும் எழுதி நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பினோம்: பூங்கா, பால்கனி, அந்த இருவர், நாங்கள் அறிந்துகொண்ட விதம். கூட்டத்தில் ஒருவர், அந்த இருவரையும் நீக்கிவிடலாமே என்றார். மாணவி எழுந்து, சீட்டு அவர்களை எந்தக் குழுவில் வைத்ததோ அங்கேயே வைத்திருப்போம், அவர்கள் இல்லாமல் போட்ட கணக்கையும் பக்கத்திலேயே காட்டுவோம் என்றாள். எப்படிப் போட்டாலும் முடிவு ஒரே பக்கம்தான் சாய்ந்தது. குழு இன்னும் சில கேள்விகள் கேட்டது, பிறகு ஒப்புக்கொண்டது.

வெளியே வந்ததும் அவளே ஓர் ஆட்டோவை நிறுத்தினாள். கோல் மார்க்கெட் வரை போனோம். ஒரு கடையில் சமோசா வாங்கி நின்றபடியே தின்றோம். இரண்டாவது சமோசாவில்தான் அவளுக்கு அழுகை வந்தது. "பையா, சட்னி அவுர் தேனா" என்று அழுதுகொண்டே இன்னும் கொஞ்சம் சட்னி கேட்டாள். கடைக்காரர் காரத்தால் கண்ணீர் என்று நினைத்துத் தண்ணீரும் கொடுத்தார்.

இப்போதைய நிலை இது. ஆய்வேடு சமர்ப்பித்தாகிவிட்டது. ஒரு தேர்வாளரின் அறிக்கை சிறு திருத்தங்களோடு ஏற்று வந்துவிட்டது, இன்னொன்று வர வேண்டும். செவ்வாய்க்காரர்களுக்கு வலி ஓரளவு கூடுதலாகக் குறைந்தது, அற்புதம் எதுவும் இல்லை. அடுத்த ஆய்வுக்கு ஒவ்வொரு குழுவையும் வெவ்வேறு குடியிருப்பிலிருந்து எடுக்கிறோம். எதிரெதிர் வீட்டார் பேசிக்கொள்கிறார்கள். ஞாயிறு வகுப்பு பூங்காவில் நடக்கிறது. என் கழுத்து வலப்பக்கம் தோள்வரை திரும்புகிறது.