சாக்கடைக்குப் போன செம்புத் தண்ணீர்

ஸ்தாரா சகோரா நகரத்தில் மின்கம்பியில் ஓடும் ட்ராலி பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள் டோன்கா. வாய் கொஞ்சம் நீளம். அவளுக்குப் புருஷன் வாய்க்கவில்லை. வாய்த்திருந்தால் அவன் பாடு திண்டாட்டம்தான் என்பார்கள் குடியிருப்பில். அவள் உயிரை வைத்திருந்ததெல்லாம் சமையலறை ஜன்னலுக்கு வெளியே நின்ற லிண்டன் மரத்தின்மேல். ஜூனில் அதன் பூவைப் பறித்துக் காயவைத்து, சளி பிடித்த வீட்டுக்கெல்லாம் தேநீருக்குக் கொடுப்பாள்.

நடைபாதைக்குப் புதுக் கல் பதித்தவர்கள் அடிமரத்தை ஒட்டிப் பதித்துவிட்டார்கள். பிறகு இரண்டு கோடையாக மழையில்லை. பூக்கும் பருவத்திலேயே இலை பழுத்து உதிர்ந்தது. நகராட்சி ஆள் அடிமரத்தில் சிவப்புக் கோடு போட்டுவிட்டுப் போனான். இலையுதிர்காலத்துக்குள் தேறாவிட்டால் வெட்டிவிடுவார்கள். டோன்கா வாளி வாளியாக ஊற்றினாள். தண்ணீர் கல்மேல் ஓடி, கீழ்வீட்டு ஜெல்யோவின் காருக்கு அடியில் புகுந்து, சாக்கடையில் விழுந்தது.

"கல்லைப் பேர்க்கணும்டா."

"பேர்த்தா காரை எங்க நிறுத்துறது? உன் தலையிலயா, அக்கா?"

ஜூலையில் ஜெல்யோவின் மகள் ரலிட்சா மருத்துவ நுழைவுத் தேர்வுக்குக் கிளம்பினாள். புறப்படுகிறவர் முன்னால் தண்ணீர் ஊற்றினால் காரியம் தடையில்லாமல் ஓடும் என்பது ஊர் வழக்கம். பெண்ணின் அம்மா பூப்போட்ட செம்பைக் கவிழ்த்தாள். ரலிட்சா ஈரக் கல்லைத் தாண்டிப் போனாள்.

டோன்கா ஜன்னலில் தலையை நீட்டினாள். "டேய் ஜெல்யோ, பாத்தியா? உன் மக அதிர்ஷ்டம் நேரா சாக்கடைக்குப் போகுது!"

"வாயைக் கழுவு அக்கா!" என்று கத்தினான் ஜெல்யோ. ஆனால் பார்த்தான். தண்ணீர் நிஜமாகவே சாக்கடைக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. மதியத்துக்குள் காரை நகர்த்திவிட்டு, கடப்பாரையோடு வந்தான். கிளைகள் கவிந்த அளவுக்குக் கல்லைப் பெயர்த்து, மண்ணைக் கிளறி, மனைவியைக் கூப்பிட்டு இன்னொரு செம்பு ஊற்றச் சொன்னான். மண் அதை மடக்கென்று குடித்தது.

டோன்கா அடியில் ஓட்டை போட்ட டப்பாக்களில் தண்ணீர் நிரப்பி, அடிமரத்தைவிட்டுத் தள்ளித் தள்ளி வைத்தாள். சொட்டுச் சொட்டாக இறங்கியது. மேலே வைக்கோல் பரப்பினாள். நுனிக்கிளையில் விரல்நகம் அளவு துளிர் கண்ட வாரத்தில்தான் தேர்வு முடிவு வந்தது. ரலிட்சா தேறவில்லை.

 ஜெல்யோ கல்லைத் திரும்பப் பதித்துவிடுவான் என்று பயந்து டோன்கா ஜன்னல் பக்கமே போகவில்லை. கடைசியில் கீழே சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள். ஜெல்யோ டப்பாக்களை நிரப்பிக்கொண்டிருந்தான்.

"என்னடா, கல்லு பதிக்கலயா?"

"எப்படிப் பதிக்கிறது?" அவன் நிமிரவில்லை. "அடுத்த வருஷமும் எழுதுறாளே."