தண்ணீர் கலந்த கிளிசரின்

என் ஓர்ப்படி குவைத்திலிருந்து திரும்பி வந்த அன்றைக்கே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. என் வீட்டுக்காரருடைய அண்ணன் பெண்டாட்டி அவள். நாலு வருஷம் அங்கே ஒரு வீட்டில் சமையலும் துடைப்பும் பார்த்துவிட்டு வந்தவள். வேலைக்காரியாகப் போனவள் மகாராணி மாதிரி வந்து இறங்குவாள் என்று யார் கண்டது? முகம் அப்படி ஒரு பளபளப்பு. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். "நல்லாக்கீறியா தங்கச்சி" என்று என் கையைப் பிடித்தாள் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டது. அப்போதுதான் வெந்து இறக்கிய இட்லி மாதிரி மெத்தென்ற கை. ஊரான் வீட்டுப் பாத்திரமெல்லாம் தேய்த்த கை அப்படி இருக்கலாமா? நான் என் கையை இழுத்துக்கொண்டு, அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று உள்ளே போய்விட்டேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை.

என் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் இருப்பது எல்லை தாண்டி ஆந்திராவில், புத்தலப்பட்டுப் பக்கம். மாங்காய் சீசன் வந்தால் நான் மாங்கூழ் எடுக்கிற பல்ப் ஃபேக்டரிக்குப் போவேன். தோதாபுரி மாங்காயை லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டுவார்கள். குளோரின் தண்ணீரில் அலசி, காம்பை வெட்டி, தோலைச் சீவி உள்ளே தள்ள வேண்டும், கூழாக்கி டப்பாவில் அடைத்து எந்தெந்த நாட்டுக்கோ அனுப்புவார்கள். மாங்காய்ப் பால் ஒரு பக்கம் அரிக்கும், குளோரின் ஒரு பக்கம் உரிக்கும். கையுறை கொடுப்பார்கள், இல்லையென்று சொல்ல மாட்டேன். போட்டால் கத்தி வழுக்கும், மேஸ்திரி கத்துவார். கழற்றினால் தோல் போகும். சீசன் பாதி ஓடுவதற்குள் விரல் நுனியில் இருந்த கோடெல்லாம் தேய்ந்து, வெடிப்பு மட்டும்தான் மிச்சம் இருக்கும். பட்டுப்புடவையைத் தொட்டால் நூல் இழுக்கும் என்று கல்யாண வீட்டில் கூட நான் யார் புடவையையும் தடவிப் பார்ப்பதில்லை.

இந்தக் கையோடு ரேஷன் கடைக்குப் போனால் மெஷின் என்னை ஆளாகவே மதிக்காது. கட்டைவிரலை வைத்தால் சிவப்பு விளக்கு எரியும். சேலையில் துடைத்துவிட்டு வைத்தாலும் சிவப்பு. பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். அந்த மாதம் டீலர் அலுத்துப்போய், உங்கள் வீட்டில் குவைத்திலிருந்து வந்திருக்கிறதே ஒரு அம்மா, அவளை அனுப்பு என்று தெலுங்கில் சொன்னான். கார்டில் அவள் பேரும் இருந்தது, வந்தாள். லேசாகத் தொட்டாள். உடனே பச்சை. நாலு வருஷம் ஊரிலேயே இல்லாதவளுக்குப் பச்சை, அந்த அரிசியைத் தினம் வடித்துக் கொட்டுகிறவளுக்குச் சிவப்பு. மூட்டையை நான்தான் தூக்கிக்கொண்டு வந்தேன், அவள் கையை வீசிக்கொண்டு பக்கத்தில் நடந்தாள்.

அவளிடம் இல்லாதது ஒன்று என்னிடம் இருந்தது, அதில் மட்டும் எனக்குக் கொழுப்பு. அவள் போகும்போது அவளுடைய பெண் கைக்குழந்தை. வளர்த்தது நான். அது இப்போது என் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கும், நான் ஊட்டினால்தான் துன்னும், என் பக்கத்தில்தான் படுக்கும். பெற்றவள் சாக்லேட்டும் கண் சிமிட்டுகிற பொம்மையும் கொண்டுவந்து நீட்டினாள். பொம்மையை வாங்கிக்கொண்டு என்னிடம் ஓடிவந்துவிட்டது. நான் சிரிக்கவில்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

வந்து ஒரு மாதம் இருக்கும். இனிமேல் தான் போகப்போவதில்லை, இடுப்பு வலிக்கிறது என்றாள். அந்த வீட்டு மேடம் உன் வீட்டிலிருந்தே நம்பிக்கையான ஒரு ஆளை அனுப்பு என்று கேட்கிறார்களாம். "நீ போறியா தங்கச்சி?" என்றாள்.  வீட்டில் அவள் பங்குக்கு மேலே கான்கிரீட், கீழே டைல்ஸ். என் பங்கு இன்னும் சிமெண்ட் ஷீட்டு, மழை பெய்தால் பேச்சுக் கேட்காது. போகமாட்டேன் என்று எப்படிச் சொல்வேன்? என் வீட்டுக்காரரும் யோசித்துவிட்டுச் சரி என்றார். என் பையன் அப்போதுதான் நடை பழகியிருந்தான். அதை யோசித்தால் போக வேண்டாம் என்று இருந்தது, ஷீட்டை நிமிர்ந்து பார்த்தால் தைரியம் வந்தது.

விசாவுக்குக் கைரேகை எடுக்க ஏஜெண்ட் திருப்பதியில் ஒரு இடத்துக்கு அழைத்துப்போனார். கண்ணாடியில் பத்து விரலையும் வைக்கச் சொன்னார்கள். மெஷின் முன்னால் இருந்த பையன் என் விரலைப் பிடித்து அழுத்திப் பார்த்தான், துடைத்துப் பார்த்தான். "படட்லேதம்மா" என்றான். பதியவில்லையாம். ஒரு மாதம் கழித்து வா, அதற்குள் கையைச் சரிபண்ணிக்கொள் என்றான், ஏதோ சட்டையில் பித்தான் தைத்துக்கொண்டு வா என்கிற மாதிரி. வீட்டில் மாமியார், இவள் விரல் தேறாவிட்டால் பெரிய மருமகளுடைய தங்கச்சி போகட்டும், வீட்டுக்கு வந்த யோகத்தை வெளியே விடக்கூடாது என்று சொல்லிவிட்டார். ஓர்ப்படிக்கு நகரியில் ஒரு தங்கச்சி இருந்தாள். தறிவேலை, மழமழவென்று விரல். 

அன்று சாயங்காலம் ஓர்ப்படி ஒரு சின்ன பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தாள். நம் ஊர் மருந்துக்கடையில் விற்கிற சாதாரண கிளிசரின். குவைத் மேடத்தின் மகள் வாங்கி அடுக்கியிருந்த க்ரீம் பாட்டில்களில் எழுதியிருப்பதை எழுத்துக்கூட்டிப் படித்தாளாம், எல்லாவற்றிலும் இந்தப் பேர் இருந்ததாம். அங்கே ராப்பகலாக ஏ.சி. ஓடி இவள் தோல் மீன் செதில் மாதிரி உரிந்தபோது, பக்கத்து வீட்டில் வேலை செய்த கேரளத்து அம்மாவும் இதையேதான் சொன்னாளாம்.

"கொஞ்சமா தண்ணி கலந்து, கை ஈரமா இருக்கறப்பவே போடு. பன்னீர் இருந்தா பன்னீர், இல்லாட்டி நல்ல தண்ணியே போதும். சோறு துன்றாப்புல தெனமும் போடணும்," என்றாள்.

சரிக்கா என்று வாங்கிக்கொண்டேன். மனசுக்குள் வேறு ஓடியது. சொந்தத் தங்கச்சி வரிசையில் நிற்கும்போது எனக்கு எதற்கு மருந்து கொடுக்கிறாள்? அதிலும் தண்ணீர் கலக்கச் சொல்கிறாள். தனக்கு மட்டும் கெட்டியாக, எனக்குப் பால்காரன் மாதிரி தண்ணீர் விட்டா? யாரிடம் கதை விடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, தண்ணீரே காட்டாமல், காய்ந்த கையில் பாட்டிலைக் கவிழ்த்துப் பூசினேன். முகத்திலும் ஒரு கோட்டிங். பிசுபிசுவென்று ஒட்டியது. வெடிப்பில் இறங்கினது சுரீர் என்று எரிந்தது. அனல்காற்று அடிக்கிற நேரம், தூசியெல்லாம் என் மூஞ்சியில். நாலைந்து நாள் இப்படியே விடாமல் பூசினேன். தோல் இன்னும் இறுகிப்போய், சிரித்தால் கன்னம் வலித்தது. சிரிப்பதற்கும் அப்போது ஒன்றும் இல்லை. பார்த்தாயா, என்னைக் கெடுக்கத்தான் கொடுத்திருக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன்.

நேருக்கு நேர் கேட்டுவிடுவது என்று பின்கட்டுக்குப் போனேன். அவள் அப்போதுதான் பாத்திரம் கழுவி எழுந்திருந்தாள். கையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. துடைக்கவில்லை. பக்கத்திலிருந்த பாட்டிலிலிருந்து ரெண்டு சொட்டு விட்டுக்கொண்டு, அந்த ஈரத்தோடே புறங்கை, விரல் இடுக்கு, நகக்கண் எல்லாம் தேய்த்துவிட்டாள். எனக்குக் கொடுத்த அதே கடைப் பாட்டில். எனக்குச் சொன்ன அதே தண்ணீர். அவள் பொய் சொல்லியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

என் கையைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. திட்டவில்லை. "அது தண்ணியப் புடிச்சி வெச்சிக்கற சாமான். நீ தண்ணியே குடுக்கலன்னா உன் தோலுக்குள்ள கீற தண்ணியத்தான் இழுக்கும்," என்றாள். அவ்வளவுதான். என்னைக் குழாயடியில் உட்காரவைத்து, கையை நனைத்து, அவளே போட்டுவிட்டாள். எரியவில்லை. ஒட்டவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் தோல் அதைக் குடித்துவிட்டது.

அன்றிலிருந்து ஒழுங்காகப் போட்டேன். காலையில் முகம் கழுவின ஈரத்தில், ஃபேக்டரியில் கை அலம்பின ஈரத்தில், அதற்குமேல் வழுக்கினாலும் பரவாயில்லை என்று கையுறை. மேஸ்திரி கத்தினால் கத்தட்டும். ராத்திரி படுக்கும்முன் ஒரு தரம். ஒரே நாளில் ஒன்றும் நடக்காது, அதைச் சொல்லிவிடுகிறேன். முதலில் இறுக்கம் விட்டது. பிறகு உரிவது நின்றது. பிறகு வெடிப்பு வாய் மூடியது. நடுவில் ஒரு கல்யாணத்துக்குப் போய் இரண்டு நாள் விட்டேன், பழைய சொரசொரப்பு எட்டிப் பார்த்துவிட்டது. தினமும் என்று அவள் சொன்னதற்கு அப்போதுதான் அர்த்தம் தெரிந்தது. ஒருநாள் வெயிலில் கையை நீட்டிப் பார்த்தேன், கட்டைவிரலில் கோடு கோடாக ரேகை. எனக்கும் ரேகை இருக்கிறது. தண்ணீர் கலந்து முகத்திலும் போட்டதில் முகமும் தெளிந்துவிட்டது. இன்னா க்ரீம் போட்டுக்கினு கீற என்று ஃபேக்டரியில் கூட வேலை செய்கிறவர்கள் கேட்டார்கள். ஒன்றுமில்லை, வெறும் தண்ணீர்தான் என்றேன். பாதி உண்மைதானே. மீதியை அவர்களுக்கு எதற்குச் சொல்ல வேண்டும்?

இரண்டாம் தடவை திருப்பதிக்கு ஓர்ப்படியும் கூட வந்தாள். உள்ளே போகுமுன் குழாயடியில் என் விரல்களை ஒவ்வொன்றாக நனைத்து, ஒரு சொட்டு தேய்த்து, பிசுக்கு இருந்தாலும் மெஷின் எடுக்காது என்று தன் முந்தானையாலேயே ஒற்றி எடுத்தாள். பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற பிள்ளைக்குத் தலைவாருகிற மாதிரி அத்தனை அக்கறை. எனக்குக் கூச்சமாக இருந்தது. இவளையா சந்தேகப்பட்டேன் என்று கண்கூடக் கலங்கியது. விரலை வைத்தேன். "படிந்தம்மா," பதிந்துவிட்டது என்றான் பையன். பத்தும் பதிந்தது.

பஸ்ஸில் ஜன்னலோரம் அவள் உட்கார்ந்தாள். ஊர் தாண்டின பிறகு, உன் தங்கச்சியை விட்டுவிட்டு எனக்கு இவ்வளவு செய்தாயே அக்கா, உன் கடனை எப்படித் தீர்ப்பேன் என்று மனசாரச் சொன்னேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை.

"என் தங்கச்சி போனா எனக்கு இன்னா வரும்? நீ போனாத்தான் என் பொண்ணு என்கிட்ட வரும். நீ வூட்ல கீற வரைக்கும் அது என்னை ஏறெடுத்துப் பாக்காது. அங்க நான் அவங்க புள்ளைக்கு ஊட்டிக்கினு இருந்தேன். போன்ல பாத்தா, இங்க நீ என் புள்ளைக்கு ஊட்டிக்கினு இருப்ப. எனக்கு வயிறு எரியும் தங்கச்சி. நாலு வருசமா எரிஞ்சிக்கினு கீது."

 இத்தனை நாளும் நான் அவள் கையைப் பார்த்து வெந்துகொண்டிருந்தேன். அவள் என் முந்தானையைப் பார்த்து வெந்துகொண்டிருந்திருக்கிறாள். ஓங்கி ஒரு அறை விடலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. ரெண்டும் செய்யவில்லை. என் பையனை யார் பார்த்துக்கொள்வது என்று மட்டும் கேட்டேன்.

"நான் இல்லையா," என்றாள். யோசிக்கக்கூட இல்லை, அத்தனை சீக்கிரம் பதில்.

போனேன். பையனை அவளிடம்தான் விட்டுவிட்டுப் போனேன். வேறு யாரிடம் விடுவேன்?

அங்கே அவள் சொன்ன மாதிரியே ஏ.சி. ஓடிக்கொண்டே இருந்தது. கை அலம்பின ஈரத்தோடு ரெண்டு சொட்டு, தினமும் தவறாமல் போட்டேன். இட்லி மாதிரி ஆகிவிட்டது என் கையும். அந்த வீட்டுக் குழந்தை என் உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டுதான் தூங்கும். வெள்ளிக்கிழமை ஃபோன் பேச விடுவார்கள். ஷீட்டைப் பிரித்தாயிற்று, கம்பி கட்டுகிறார்கள் என்று வீட்டுக்காரர் சொல்வார், கேட்கச் சந்தோஷமாக இருக்கும். பையனுக்கு அதற்குள் நன்றாகப் பேச்சு வந்துவிட்டது. சாப்பிட்டாயா, என்ன சாப்பிட்டாய், யார் ஊட்டினார்கள் என்று நான் கேட்டுக்கொண்டே போவேன். வாசலில் விளையாட்டை விட்டுவிட்டு வந்தவனுக்கு எவ்வளவு நேரம் பொறுமை இருக்கும்? ஒரு வெள்ளிக்கிழமை, "இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்," என்று என்னிடம் சொல்லிவிட்டு, ஃபோனை ஓர்ப்படி கையில் கொடுத்துவிட்டு ஓடினான். அவள் அவனைத் திருத்தவில்லை.