பனிக்காட்டில் தண்ணீர் சுமந்தவன்

என் கடைக்கு வந்து போகிறவர்கள் மனதில் ஒரு கேள்வி இருந்தது. நாற்பது வயதுப் பொம்பளை, இரண்டு பிள்ளை பெற்றவள், பட்டப்பகலில் கம்ப்யூட்டரில் மான் வேட்டை ஆடுகிறாளே, இவளுக்கு என்ன வந்தது என்று. நேரே கேட்டவர்கள் குறைவு. பத்திரத்தை ஜெராக்ஸ் எடுக்கக் கொடுத்துவிட்டு, திரையை எட்டிப் பார்த்து உதட்டைச் சுழிப்பவர்கள்தான் அதிகம். எதிர் டீக்கடை பெஞ்சில் காலையிலிருந்து சாயந்தரம் வரை ஊர் வம்பு பேசுகிற ஆம்பளைகளை இவர்கள் ஏன் என்று கேட்டதே இல்லை. நான் வாரத்தில் ஒரு நாள், வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் ஆடியதுதான் இவர்கள் கண்ணை உறுத்தியது.

கடை திருப்புல்லாணியில் கோயிலுக்குப் போகிற வழியில் இருக்கிறது. ஜெராக்ஸ், பாஸ்போர்ட் போட்டோ, ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது, இவைதான் வேலை. மதியம் நடை சாத்தியதும் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. அந்த நேரத்தில்தான் வளைகுடாவில் இருந்த என் தம்பி விளையாட்டுக்குள் வருவான். அவனுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. லேப்டாப் அவனுடையது அல்ல, அறையில் கூட இருந்த தொண்டிக்காரருடையது.

போனில் பேசினால் எங்களுக்குப் பேச்சு ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். சாப்பிட்டியா, சாப்பிட்டேன். வெயிலா, வெயில்தான். அம்மாவுக்குக் கால்வலி எப்படி, அப்படியேதான். அதற்கு மேல் இரண்டு பேரும் சுவரைப் பார்ப்போம். விளையாட்டில் அப்படி இல்லை. ஓநாய் வருதுக்கா, விறகு தீரப் போகுதுக்கா, அந்தப் பக்கம் போகாதே, இங்கன வா என்று மைக்கில் வாய் ஓயாது. அவன் குரலை நான் முழுசாகக் கேட்டது அங்கேதான். இதைப் போய் அந்த உதட்டைச் சுழிக்கிற கூட்டத்துக்கு விளக்கிக்கொண்டிருக்க என்னால் முடியாது.

விளையாட்டு இதுதான். எங்கு பார்த்தாலும் பனி. அதன் நடுவில் ஆளுக்கு ஓர் உயிரோடு நம்மை இறக்கி விடுவார்கள். குளிரும், பசிக்கும், ஓநாயும் கரடியும் துரத்தும். வேட்டையாடித் தின்று பிழைத்துக் கிடக்க வேண்டும். ஒருவர் செத்தால் அவர் கதை அதோடு சரி. இரண்டு பேரும் செத்துவிட்டால் கட்டிய குடிசை, சேர்த்த தோல், உலர வைத்த இறைச்சி எல்லாம் அழிந்து முதலில் இருந்து தொடங்க வேண்டும். நாங்கள் இருநூறு நாளைத் தாண்டியிருந்தோம். விளையாட்டின் கணக்கில் இருநூறு நாள், எங்கள் கணக்கில் ஏழெட்டு மாத வெள்ளிக்கிழமைகள்.

வேட்டை என் பொறுப்பு. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து, எதிர்ப்பக்கமாகக் குனிந்து போய், மான் தலை குனிந்த நொடியில் அம்பை விட வேண்டும். ஒரு தடவை அந்த நொடியில் பென்ஷன் வாங்குகிற பெரியவர் ஒருவர் வந்து, தான் உயிரோடு இருப்பதற்குச் சான்றிதழ் வேண்டும் என்று நின்றார். "இருங்கய்யா, இந்த மான் செத்துக்கிறட்டும்" என்று சொல்லிவிட்டேன். மனிதர் மிரண்டுபோய் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

தம்பிக்கு வீட்டு வேலை. விறகு வெட்டுவான், அடுப்பு மூட்டுவான், பனியை உருக்கித் தண்ணீர் ஆக்குவான். அந்தத் தண்ணீரால்தான் எனக்கு அவனோடு ஓயாத சண்டை. பையில் இடம் கண்ட இடமெல்லாம் தண்ணீர் பாட்டிலை அடைப்பான். சுமை கூடினால் ஆள் ஓட முடியாது என்பது விளையாட்டின் விதி. திரையின் ஓரத்தில் சிவப்பாக எச்சரிக்கையே வரும். ஓநாய் நான்கு துரத்தி வருகிறது, நான் முன்னால் ஓடுகிறேன், இவன் பின்னால் பிள்ளைத்தாய்ச்சி மாதிரி நடந்து வருகிறான். தண்ணியைக் கீழே போடு என்று கத்துவேன். போட மாட்டான். அடே, சுற்றிலும் கிடப்பது அத்தனையும் தண்ணீர்தானடா, குனிந்து அள்ளினால் பனி, பனியைக் காய்ச்சினால் தண்ணீர், அதை எதற்கடா சுமக்கிறாய் என்று தலையில் அடித்துக்கொள்வேன். "இருக்கட்டும்க்கா" என்பான். அந்த ஒரே பதில்தான்.

நான் அதை எங்கள் மண்ணின் புத்தி என்றே நினைத்தேன். கமுதிப் பக்கம் நாங்கள் வளர்ந்த ஊரில் கண்மாய் வற்றினால் அதற்குள் ஆள் மட்டத்துக்கு ஊற்றுத் தோண்டி, அடியில் உட்கார்ந்து சிரட்டையால் வழித்து வழித்து ஒரு குடம் நிறைப்போம். நான் குழிக்குள், அவன் கரையில். இதை யாராவது அழகான நினைவு என்று சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். முதுகு ஒடிகிற வேலை அது. இன்றைக்கும் என் தெருவில் பெண்கள் தள்ளுவண்டியில் எட்டுக் குடம் அடுக்கி நல்ல தண்ணீருக்கு நடக்கிறார்கள். வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த அதிகாரி ஒருவர் என் கடையில் நின்று, தன்னைத் தண்ணியில்லாக் காட்டுக்குத் தூக்கி அடித்துவிட்டார்கள் என்று போனில் புலம்பினார். அவருக்குத் தண்டனையாக இருக்கிற இடத்தில் நாங்கள் பிறந்து தொலைத்திருக்கிறோம். ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டேன்.

ஆக, தம்பி பனிக்காட்டில் தண்ணீர் சேர்ப்பதை நான் அந்தக் கணக்கில் எழுதிச் சிரித்துக்கொண்டிருந்தேன். ஊரை விட்டுப் போனாலும் ஊர் இவனை விடவில்லை என்று அம்மாவிடம் சொல்லியும் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. "ஏசி ரூம்ல உக்காந்து உத்தியோகம் பாக்குறவன், அவனுக்கெதுக்குத் தண்ணிக் கவலை" என்றாள். கம்பெனியில் ஸ்டோர் கீப்பர் என்றுதான் அவன் எங்களிடம் சொல்லியிருந்தான்.

அவன் போனது இரண்டாவது தடவை. முதல் தடவை போய் நான்கே மாதத்தில் திரும்பி வந்துவிட்டான். வந்தவனை அம்மா இருக்கிற எங்கள் ஊர்த் தெரு என்ன பாடு படுத்தியது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது. வாசலில் பெட்டியை இறக்கும்போதே, "லீவா, விட்டுட்டு வந்துட்டியா?" என்று கேட்டார்கள். வெளிநாட்டிலிருந்து யார் வந்தாலும் எங்கள் பக்கம் முதல் கேள்வி இதுதான். நல்லா இருக்கியா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. விட்டுட்டு வந்துட்டேன் என்று அவன் வெள்ளந்தியாக உண்மையைச் சொன்னான். அன்றிலிருந்து அவனுக்கு 'நாலு மாசம்' என்று பெயராகிவிட்டது. நாலு மாசம் போறான் பாரு, நாலு மாசத்துக்கு ஒரு டீ போடு. அவன் தலையைக் குனிந்துகொண்டே ஒரு வருடம் நடந்தான். நானும் யோக்கியம் இல்லை. போன ஆம்பளை ஒரு வருடமாவது தாக்குப்பிடிக்க வேண்டாமா என்று அவன் காதுபடவே சொன்னவள்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை விளையாட்டுக்குள் அவன் ஆள் வந்து நின்றது, ஆனால் அசையவில்லை. குரல் வேறு குரல். "அக்கா, நான் கூட இருக்கிற தொண்டிக்காரன் பேசுறேன். அவனைக் காணோமேன்னு நீங்க தேடிக்கிட்டு இருப்பீங்கன்னுதான் வந்தேன். அவன் ஆஸ்பத்திரியில இருக்கான். வேலையில மயங்கி விழுந்துட்டான். இது மூணாவது தடவை."

ஏசி அறையில் எப்படி மயங்கி விழுவான் என்று கேட்டேன். அவர் உண்மையைச் சொன்னார். ஏசியும் இல்லை, அறையும் இல்லை. பாலைவனத்தில் குழாய் பதிக்கிற வேலை. காலையில் லாரி ஆட்களோடு ஒரு கேன் தண்ணீரை இறக்கிவிட்டுப் போகும். அடுத்தது சாயந்தரம்தான். கேன் லாரி நின்ற இடத்திலேயே இருக்கும், வேலை தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருக்கும். குடிக்கப் போனால் மேஸ்திரி சத்தம் போடுவான். நடுமதியத்தில் கேன் காலியாகிவிடும். எத்தனையோ தடவை ஊருக்குப் போ என்று அவரும் சொல்லிப் பார்த்துவிட்டாராம். மாட்டேன் என்கிறானாம். "அல்லாஹ் காப்பாத்துனான்க்கா. இன்னொரு தடவை விழுந்தா என்ன ஆகும்னு தெரியல. நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க."

திரையில் என் தம்பியின் ஆள் பனிக்குள் நின்றுகொண்டிருந்தது. அதன் பையைத் திறந்து பார்த்தேன். முப்பத்தாறு பாட்டில் தண்ணீர்.

அந்த வாரம் முழுக்க எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. குடிக்கத் தண்ணீர் கொடுக்காமல் வேலை வாங்குகிறவன் மேல், கேனைத் தூக்கி நூறடி தள்ளி வைக்க மனம் வராத அந்த மேஸ்திரி மேல், ஸ்டோர் கீப்பர் என்று பொய் சொன்ன இவன் மேல், இவனைப் பொய் சொல்ல வைத்த எங்கள் தெருவின் மேல். எல்லாவற்றுக்கும் மேலாக என் மேல். தாகத்தில் கிடந்தவன் ஒரு பொம்மைக் காட்டிலாவது ஆசை தீரத் தண்ணீர் சேர்த்து வைத்திருக்கிறான். அதைக் கீழே போடு, கீழே போடு என்று ஏழெட்டு மாதமாகக் கத்தியிருக்கிறேன். சிரித்திருக்கிறேன். பாவி நான்.

அடுத்த வெள்ளிக்கிழமை வந்தான். போன வாரம் ஓவர்டைம் என்றான். குரல் கம்மியிருந்தது. வந்ததும் அடுப்பில் பனியைப் போட்டு உருக்க ஆரம்பித்தான். பாட்டிலை ஒவ்வொன்றாக நிரப்பினான். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"ஏலே, நீ ஸ்டோர்லயா வேலை பாக்குற?" என்றேன்.

ஆமாம் என்றான். அங்கே குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டேன். அவன் ஆள் அடுப்பு முன்னால் அப்படியே நின்றது. யார் சொன்னது என்று கேட்டான். யார் சொன்னால் என்ன, கிளம்பி வந்துவிடு என்றேன். வர முடியாது என்றான். அக்காவையும் அம்மாவையும் விட அந்த வேலை பெரிதா என்று சண்டை போட்டேன். அவன் நிதானமாகச் சொன்னான்.

"நாலு மாசம்னாய்ங்க. இப்ப ஒரு வருஷம்னுவாய்ங்க. அவ்வளவுதான வித்தியாசம்? திரும்பி வந்தா நீயும்தானக்கா சொல்லுவ."

போன தடவை சொன்னவள்தானே நான். அவனே தொடர்ந்து, இந்தக் குடிசையாவது இருக்கட்டும், வாரம் ஒரு தடவை வந்து உட்கார்ந்துவிட்டுப் போனால் மறு வாரத்தை ஓட்டிவிடுவேன் என்றான். அதைக் கேட்டதும்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்படியானால் இவனை அங்கே பிடித்து வைத்திருப்பதில் இந்தக் குடிசைக்கும் பங்கு இருக்கிறது. எனக்கும் இருக்கிறது.

நான் அடுப்பை அணைத்தேன். உடம்பில் இருந்த மான்தோல் சட்டையைக் கழற்றிப் போட்டேன். கதவைத் திறந்துகொண்டு வெளியே நடந்தேன். வெளியே பனிப்புயல். கூப்பிட்டுக்கொண்டே பின்னால் வந்தான். "அக்கா, என்ன செய்ற, உள்ள வா. இருநூத்திப் பத்து நாள்க்கா." போனால் போகிறது என்றேன். பிழைத்துக் கிடந்த நாளைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறாய், அங்கேயும் இங்கேயும், எண்ணியது போதும் என்றேன். உறைந்த கடலுக்குப் பக்கத்தில் என் ஆள் குப்புற விழுந்தது. திரை சாம்பல் நிறமாகிவிட்டது. அதன் பிறகு என்னால் அவன் ஆளைப் பார்க்க மட்டும்தான் முடிந்தது.

அவன் திரும்பிப் போயிருக்கலாம். அவன் உயிரோடு இருக்கும் வரை குடிசை இருக்கும். பை நிறையத் தண்ணீர் இருந்தது, இறைச்சி இருந்தது. அவன் அசையாமல் நின்றான். பிறகு பாட்டில்களை ஒவ்வொன்றாகப் பனியில் போட்டான். என் ஆளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். நான்கு நிமிடத்தில் அவன் ஆளும் சாய்ந்தது. எல்லாம் அழிந்து, புதிதாகத் தொடங்கவா என்று திரை கேட்டது.

"முதல்ல இருந்து ஆரம்பிப்போம்டா. நான் இருக்கேன்" என்றேன். அவன் அழுதான். நானும் அழுதேன். பத்திரத்தோடு உள்ளே வந்த ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு வந்த வழியே போய்விட்டார்.

கம்பெனியிடமிருந்து பாஸ்போர்ட்டை வாங்கிப் புறப்பட ஒரு மாதத்துக்கு மேல் இழுத்தது. தொண்டிக்காரர்தான் அலைந்து திரிந்து உதவினார். கமுதியில் பஸ்ஸை விட்டு இறங்கியவனை எனக்கே அடையாளம் தெரியவில்லை, கன்னம் ஒட்டிக் கறுத்துப்போய் வந்தான். அம்மா வீட்டு வாசலில் பெட்டியை இறக்கினோம். நான் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தேன். நின்றபடியே குடித்துவிட்டு, இன்னொன்று கேட்டான்.

அவன் குடித்துக்கொண்டிருக்கும்போதே எதிர் வீட்டுக்காரர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். நாலு மாசம் என்று முதலில் பெயர் வைத்த புண்ணியவான் அவர்தான்.

"என்னப்பா, லீவா, விட்டுட்டு வந்துட்டியா?"

தம்பி சொம்பைப் பாதியில் இறக்கினான். தலை குனிந்தது. நான் அவனுக்கு முன்னால் போய் நின்றேன்.

"நான்தான் விட்டுட்டு வரச் சொன்னேன். அவன் தண்ணி குடிக்கட்டும். அது வரைக்கும் யாரும் எதுவும் கேக்கக் கூடாது."

அவர் நின்றார். எனக்குப் பின்னால் அவன் மறுபடியும் குடிக்க ஆரம்பித்தான்.