ரத்தம் கேட்டு எழுதியவர்கள்

கோவில்பட்டியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் நான் வேலை பார்த்தேன். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. தீப்பெட்டி ஆபீஸ்களுக்குக் கடிதம் அடித்துக் கொடுப்பது, பிள்ளைகளுக்கு டைப்பிங் சொல்லிக் கொடுப்பது என்று பொழுது போகும். அதோடு ஒரு வெப்சைட்டையும் பார்த்துக்கொண்டேன். எளிதில் கிடைக்காத வகை ரத்தம் உள்ளவர்களைச் சேர்த்து, சென்டர் நடத்திய அண்ணாச்சி தொடங்கியது அது. அவருக்கே ஏ நெகட்டிவ்.

முதலில், கொடுக்க முன்வந்தவர்களின் போன் நம்பர்களைப் பக்கத்திலேயே போட்டிருந்தோம். அவர்களில் ஒரு டீச்சர் பி நெகட்டிவ். எவனோ ஒருவன் அவர் நம்பரை எடுத்து, வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கூப்பிட ஆரம்பித்தான். கடைசியில் டீச்சர் வீட்டுக்காரர் போன் ஒயரையே பிடுங்கிப் போட்டார். அதன் பிறகுதான் நம்பர்களை எல்லாம் எடுத்துவிட்டு ஒரு படிவம் வைத்தோம். ரத்தம் வேண்டியவர் அதில் எழுதினால் எங்களுக்கு ஈமெயில் வரும். நாங்கள் கொடுப்பவரைக் கூப்பிடுவோம். யார் நம்பரும் வெளியே தெரியாது. சென்டர் நம்பர் மட்டும் அடியில் இருக்கும்.

இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது சைட்டுக்கு இடம் கொடுத்திருந்த கம்பெனிக்காரர்கள் பழைய சர்வரை மூடிவிட்டு, எல்லாவற்றையும் புதிய சர்வருக்கு மாற்றினார்கள். பக்கங்கள் முன்பு போலவே திறந்தன. படிவமும் அதன் இடத்தில் இருந்தது. ஆனால் செய்தி எதுவும் வரவில்லை. எப்போதாவது வருவதுதானே, யாருக்கும் தேவைப்படவில்லை போல என்று இருந்துவிட்டோம்.

ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு முற்பகல் போன் அடித்தது.

“யக்கா, ரத்தம் குடுக்கிற கம்ப்யூட்டர் ஆபீஸா? ஷார்ஜாவுல இருந்து பேசுதேன். நேத்தே எழுதிப் போட்டேன்லா, ஏன் ஒருத்தரும் கூப்பிடல?”

“எழுதுனீங்களா? எங்களுக்கு வரலியே.”

“வந்து சேந்துட்டுன்னு காமிச்சுதே! எம் பொண்டாட்டிக்கு பி நெகட்டிவ்க்கா. நாகலாபுரம் பக்கம் எங்க ஊரு. பிரசவத்துக்கு கோயில்பட்டில சேத்திருக்காவ. ரத்தம் ரெடி பண்ணலன்னா கஷ்டம்னு டாக்டரம்மா சொல்லிட்டாவளாம். எங்க அம்மை மட்டுந்தான் கூட இருக்கா. அவளுக்கு ஒண்ணுந் தெரியாது…”

“எந்த ஆஸ்பத்திரிண்ணே?”

பதில் வரவில்லை. லைன் அறுந்திருந்தது. வெளிநாட்டு நம்பரைத் திருப்பிக் கூப்பிட எங்களுக்கு வழி கிடையாது.

ரிசீவரை வைத்துவிட்டு அப்படியே நின்றேன். சென்டரில் இருந்தது ஒரே ஒரு லைன். நெட் போட்டால் போன் போகாது, வராது. அவர் எழுதியதைத் தேட நெட் வேண்டும். அவர் திரும்பக் கூப்பிட லைன் சும்மா இருக்க வேண்டும். 

அண்ணாச்சியிடம் சொன்னேன். “நீ நெட்டப் போடு. நான் எதுத்த பூத்துல போயி ஆஸ்பத்திரி ஒவ்வொண்ணா கேக்கேன்” என்றார்.

“அவரு திரும்பக் கூப்பிட்டா என்ன செய்ய அண்ணாச்சி? எங்கேஜ்னுல்லா வரும்.”

“அவரு கூப்பிடாமலே போயிட்டா?”

குடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். நான் நெட்டைப் போட்டேன். மோடம் கிறீச்சிட்டு அடங்குவதற்குள், அந்த மனிதர் அங்கே நம்பரைச் சுழற்றிச் சுழற்றிப் பார்ப்பது போலவே இருந்தது.

எங்கள் ஈமெயில் பெட்டியில் அவர் எழுதியது இல்லை. என் பெயரையே படிவத்தில் போட்டு அனுப்பிப் பார்த்தேன். “உங்கள் செய்தி கிடைத்தது” என்று திரையில் வந்தது. காத்திருந்தேன். பெட்டியில் ஒன்றும் விழவில்லை. மறுபடியும் அனுப்பினேன். விழவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவர் ஒருவர் மட்டுமா? சர்வர் மாறியதிலிருந்து எழுதிய எல்லோருக்கும் ‘கிடைத்தது’ என்று பொய் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அதை நம்பி எத்தனை பேர் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்தார்களோ?

சர்வருக்குள் போய்க் கண்ணில் பட்டதை எல்லாம் திறந்தேன். நடுவில் கரண்ட் போய், யு.பி.எஸ். கத்த ஆரம்பித்தது. இது எவ்வளவு நேரம் தாங்குமோ என்று மனம் அடித்துக்கொண்டது. புதிய சர்வர் தானாகவே எங்கள் சைட் பெயரில் ஓர் அஞ்சல் பெட்டி உண்டாக்கி வைத்திருந்தது. நாங்கள் யாரும் திறந்திராத பெட்டி. திறந்தேன். உள்ளே திரும்பி வந்த அஞ்சல்கள் வரிசையாய் இருந்தன. மேலே ஆங்கிலத்தில் ஏதோ மறுப்பு. கீழே, இங்கிலீஷ் எழுத்தில் தமிழாய் அடிக்கப்பட்ட அவருடைய செய்தி. எட்டயபுரம் ரோட்டில் இருந்த ஒரு பிரசவ ஆஸ்பத்திரியின் பெயர் அதில் இருந்தது.

நெட்டைத் துண்டித்துவிட்டு டீச்சரின் பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டேன். வகுப்பிலிருந்து கூட்டி வந்தார்கள். நான் சொன்னதைக் கேட்டதும், “ஏட்டி, அழாம சொல்லு. எந்த ஆஸ்பத்திரி? சரி, நீ ஆட்டோவக் கூட்டிட்டு வா, நான் வாசல்ல நிக்கேன்” என்றார். நான் அழுதுகொண்டிருந்தது அதுவரை எனக்கே தெரியாது.

ஆஸ்பத்திரி நடையில் ஷார்ஜாக்காரரின் அம்மா உட்கார்ந்திருந்தார். கணுக்கால் வரை அப்பிய கரிசல் மண் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. டீச்சரைப் பார்த்து, “எம் மவன் அனுப்புனானா?” என்று மட்டும் கேட்டார். டீச்சர் தலையாட்டினார். அங்கிருந்து ரத்த வங்கிக்கு ஓடினோம். டீச்சரின் ரத்தம் ஏறிய பிறகு, சாயங்காலத்துக்கு முன்னே ஆபரேஷனில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிழைத்தாள்.

சென்டருக்குத் திரும்பியதும் அண்ணாச்சி சொன்னார்: “படிவத்தச் சரி பண்ணுத வரைக்கும் எல்லார் நம்பரையும் பழையபடி பக்கத்துல போட்டுருவோம்.”

டீச்சர் கையில் ஒட்டிய பஞ்சோடு கலர் சோடா குடித்துக்கொண்டிருந்தார். பாட்டிலைக் கீழே வைத்தார். “ரத்தம் எப்ப வேணும்னாலும் தாரேன் அண்ணாச்சி. நம்பரு மட்டும் வேண்டாம். அவன் இன்னும் எங்கனயோ இருக்கான்லா.”

அவர் முகத்தைப் பார்த்தேன். காலையில் நான் பட்ட பயம் அந்த முகத்தில் பழகிப்போன ஒன்றாய் உட்கார்ந்திருந்தது. அண்ணாச்சி போனை என் பக்கம் நகர்த்தினார்.

சர்வர் கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டேன். விஷயம் சின்னதுதான். படிவத்தை நிரப்புகிறவரின் முகவரியிலிருந்தே வருவது போல எங்கள் படிவம் ஈமெயில் அனுப்பும். பழைய சர்வர் அதைக் கேள்வி கேட்காமல் விட்டது. அடுத்தவர் முகவரியைப் போட்டு அனுப்பும் திருட்டு அஞ்சல் பெருகிவிட்டதால் புதிய சர்வர், அது எங்கள் முகவரி இல்லை என்று தடுத்திருந்தது. சைட்டின் சொந்த முகவரியிலிருந்தே அனுப்பும்படி மாற்றினேன். எழுதியவரின் முகவரியைச் செய்திக்குள் வைத்தேன். அஞ்சல் உண்மையிலேயே கிளம்பினால்தான் ‘கிடைத்தது’ என்று காட்டும்படியும் செய்தேன். அனுப்பிப் பார்த்தேன். மூன்று பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். வந்தது.

ஆனால் அந்தப் பெட்டியில் வேறு செய்திகளும் இருந்தனவே. அவற்றில் இருந்த நம்பர்களை ஒவ்வொன்றாய்க் கூப்பிட்டேன். ஒவ்வொரு தடவை மணி அடிக்கும்போதும், எடுக்காமல் இருந்தால் நல்லது என்று தோன்றியது. ஒருவர் மதுரையில் ரத்தம் கிடைத்துவிட்டதாகச் சொன்னார். இன்னொருவர் ஆபரேஷன் தள்ளிப்போய்விட்டது என்றார்.

கடைசி நம்பர் கழுகுமலை. ஓர் ஆண் எடுத்தார். எங்கிருந்து பேசுகிறேன் என்று சொன்னேன். உங்கள் செய்தி இன்றுதான் கிடைத்தது என்றேன்.  அந்தப் பக்கம் பாத்திரம் ஒன்று உருளும் ஓசை கேட்டது.

“இப்ப வேண்டாம்மா” என்றார். போனை வைத்துவிட்டார்.

எதனால் வேண்டாம் என்று திருப்பிக் கூப்பிட்டுக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அதற்குப் பிறகு கழுகுமலை பஸ்ஸில் ஏற நேர்ந்தால் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு இருப்பேன். பக்கத்தில் வந்து உட்காருகிறவர் பேச்சுக் கொடுத்துவிடக் கூடாதே என்று இருக்கும். அந்தக் குரல் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.