தெருமுனை வரை தள்ளிய வண்டி

வேணு இறந்த செய்தி, நம் பட்டறையின் காலைச் சங்கு ஊதுவதற்குச் சற்று முன், அதன் வாசலில் எனக்குக் கிடைத்தது. ஸ்ரீரங்கத்தில் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாராம். ரிப்பேரான வண்டியா என்று ஒருவர் கேட்டார். இல்லை ஐயா, நன்றாக ஓடுகிற வண்டியைத்தான் ஏழு வருஷமாகத் தள்ளினார். ஏன் என்று, அவரோடு வேலை பார்த்து, இன்று இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களுக்காவது தெரிய வேண்டும்.

ராணுவம் கழித்துப்போட்ட வண்டி அது. வீட்டுக் கொல்லையில் ஒவ்வொரு நட்டாகக் கழற்றிப் போட்டு, ஒரு வருஷம் உட்கார்ந்து மறுபடி பூட்டினார். சைலன்சர் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. முதல் நாள் கிளப்பியபோது வீதியே அதிர்ந்தது. அது மார்கழி, விடியலில் பஜனை கோஷ்டி வரும் நேரம். எதிர்வீட்டு வக்கீல் சண்டைக்கு வந்தார். அந்தக் கோபம் நியாயம் என்று வேணுவே சொன்னார்.

புது சைலன்சரைத் தன் கையாலேயே செய்தார். நீளமான குழாய், உள்ளே துளை போட்ட இன்னொரு குழாய், நடுநடுவே தடுப்புத் தகடுகள். முதல் தடவை புகை போக வழியில்லாமல் இஞ்சின் திணறி, காவேரிப் பாலத்துக்கு முன்பே நின்றுவிட்டது. அறுத்துப் பிரித்துத் துளைகளை அதிகமாக்கினார். “சத்தத்தை அடைச்சு வைக்கக் கூடாதுங்க. நாலு சுத்து சுத்த விட்டா தானா அடங்கிடும்” என்பார்.

அடங்கியது. அதுதான் வினையாயிற்று. மறுநாள் விடியலில் கோஷ்டியின் பின்னால் மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார். ஒருவர் காதிலும் விழவில்லை. தற்செயலாகத் திரும்பிய வக்கீல் திடுக்கிட்டு, கையிலிருந்த ஜால்ராவைக் கீழே போட்டார்.

“என்ன ஓய், ஆளைக் கொல்லப் பாக்கறீரா? சத்தமே இல்லாம வந்து நிக்கறீரே!”

அன்று மாலை வீதிக்காரர்கள் கூடினார்கள். இனி வீதிக்குள் வண்டியைக் கிளப்பக் கூடாது, முனை வரை தள்ளித்தான் போக வேண்டும், மீறினால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்றார்கள். சத்தம் போட்டாலும் குற்றம், போடாவிட்டாலும் குற்றம்! வேணுவைப் பார்க்கப் போயிருந்த நானும் அங்கே இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. வெளியே வந்ததும் வேணுதான் என்னைத் தேற்றினார். “விடுங்க, ஒரு பர்லாங்குதானே.”

போன வருஷம் டாக்டர், பாரம் தள்ளக் கூடாது என்றார். வேணுவுக்குத் தெரியாமல் நான் வக்கீலிடம் போய்க் கெஞ்சினேன். “ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கிளப்புவா” என்றார். அந்த வீதியில் வேறு எவரிடமும் மோட்டார் சைக்கிள் கிடையாது.

பதிமூன்றாம் நாள் அதே வக்கீல் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பரம சாது. யாருக்கும் ஒரு தொந்தரவு கொடுத்ததில்லை” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேணுவின் மனைவி வண்டியை என்னிடம் ஒப்படைத்தார். “எடுத்துக்கிட்டுப் போங்கண்ணே. ஆனா அவரு மாதிரி தள்ளிக்கிட்டுப் போகாதீங்க.”

வாசலிலேயே உதைத்துக் கிளப்பினேன். நாலு கஜம் தள்ளி வக்கீலும் சிலரும் எனக்கு முதுகைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. ஒருவரும் திரும்பவில்லை.

வேணு எனக்கு விட்டுப்போனது அந்த வண்டியைத்தான். தினமும் விடியலில் அதே வீதி வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன். ஓட்டிக்கொண்டு போகிறேன்.