கழற்றாமல் பார்க்கச் சொன்னவர்கள்

இன்ஜெக்டர் வேலையில் இன்ஜினைவிட இன்ஜினுக்குச் சொந்தக்காரர்தான் அதிகம் புகைவார்.

உங்களில் யாராவது எதையாவது கழற்றி மாட்டிப் பிழைப்பவராக இருந்தால் நான் சொல்ல வருவது சட்டென்று புரியும். டிவி ரிப்பேர், மிக்சி ரிப்பேர், பல் வைத்தியம், எதுவானாலும் சரி. தொண்ணூறுகளின் கடைசியில், புணேயில் பிம்ப்ரிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு, தாபோடியில் ஒரு தகரக் கொட்டகையில் டீசல் இன்ஜெக்டர் கடை போட்டேன். இன்ஜெக்டர் என்பது கைக்குள் அடங்குகிற ஓர் இரும்புக் குழல். மேல் வாய் வழியாக வருகிற டீசலை அடியில் இருக்கும் நாசில் இன்ஜினுக்குள் பனிபோலப் பீச்ச வேண்டும். பீச்சாமல் ஒழுகினால் வண்டி கறுப்பாகப் புகை விடும், குலுங்கும், ஏற்றத்தில் படுத்துவிடும். கழற்றுவதும் மாட்டுவதும் என் கூட்டாளி பாபுராவ். டெஸ்டரில் வைத்து, கைப்பிடியை அழுத்தி, பீச்சுவதைப் பார்த்துச் சரிபண்ணுவது நான்.

என் மனைவி செல்விக்கு நான் வேலையை விட்டது ஜீரணமாகவே இல்லை. கடை படுத்தால் குடும்பத்தைத் தூக்கிக்கொண்டு திருநெல்வேலிக்கே போய்விட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டாள். நான் சாயங்காலம் வீட்டுக்குள் கால் வைத்ததும் அவள் கேட்கும் முதல் கேள்வி, "இன்னைக்கு எந்த வண்டியாச்சும் திரும்பி வந்துச்சா?" என்பதுதான்.

நாலும் நல்லாத்தான் இருந்தது

பாணேரில் புதிதாகக் குடிவந்த கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், தமிழ்க் கடை என்று கேள்விப்பட்டுத் தேடி வந்தார். கார் புகைந்துகொண்டே வந்து நின்றது. "கழட்டாம அப்படியே பாத்துச் சொல்லீருங்க" என்றார். கழற்றாமல் எப்படிங்க பார்ப்பது என்றேன். ஊரில் அவர் மச்சான் பானெட்டில் காதை வைத்தே சொல்லிவிடுவாராம். மச்சானைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. முழுங்கிக்கொண்டேன். அரை மணி நேரம் கெஞ்சிய பிறகுதான் கழற்றவே அனுமதி கிடைத்தது.

நாலையும் கழற்றி, அவரைப் பக்கத்திலேயே நிற்கவைத்து, ஒவ்வொன்றாக டெஸ்டரில் மாட்டினேன். மூன்று கிர்ரென்று சத்தம் போட்டு அழகாகப் பீச்சின. நாலாவது, மூடாத குழாய் மாதிரி ஒழுகியது. இதுதான் புகைக்குக் காரணம் என்று காட்டினேன். பெரிய சந்தோஷத்தை எதிர்பார்த்தேன் என்று நினைக்கிறேன். அவர் அந்த ஒழுகலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கழட்டறதுக்கு முந்தி நாலுமே நல்லாத்தானுங்க இருந்துச்சு?"

ஷிண்டேயின் நிபந்தனை

கடை ஆரம்பித்துக் கொஞ்ச காலம் ஈ ஓட்டினோம். அப்போதுதான் ஷிண்டே வந்தார். கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கு ஆட்களை ஏற்றி இறக்க ஒரு பட்டாளம் டீசல் வண்டிகள் வைத்திருந்தவர். நெற்றியில் எப்போதும் குங்குமம், வாயில் எப்போதும் யாருக்காவது திட்டு. அவர் வண்டிகள் எங்களிடம் வந்தால் கடை நிற்கும், வராவிட்டால் ஷட்டரை இழுத்து மூட வேண்டியதுதான். இது அவருக்கும் தெரியும். அதுதான் கஷ்டம்.

பழைய மெக்கானிக்கிடம் சரிபண்ணிய வண்டிகள் மறுநாளே திரும்பிப் போய், ஆபீஸ்காரர்கள் நடுத்தெருவில் நின்று, இவர் பேச்சு வாங்கியிருக்கிறார். அதனால் எங்களுக்கு ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். இந்த ஊரில் தெற்கத்திக்காரன் எல்லோருமே அண்ணாதான், என்னைவிடப் பத்து வயது மூத்தவருக்கும் நான் அண்ணா. விரலை நீட்டிச் சொன்னார்: "அண்ணா, ஒரு வண்டி திரும்பி வந்துச்சுன்னா வண்டி மட்டும்தான் வரும், அதுக்கப்புறம் நான் வரமாட்டேன்."

ஒரு வீட்டுப் பிள்ளைகள்

அன்றிலிருந்து ஷிண்டே வண்டி என்றால், எந்த இன்ஜெக்டர் எந்த சிலிண்டரிலிருந்து வந்தது என்று நூலில் அட்டை கட்டித் தொங்கவிடுவேன். டெஸ்ட் முடிந்ததும் இரண்டு வாயிலும் பிளாஸ்டிக் மூடி போட்டுவிடுவேன். உள்ளே இருக்கிற ஊசிக்கும் அதன் கூட்டுக்கும் நடுவே தலைமுடி நுழைய இடமில்லை; ஒரு தூசி போனால் போதும், ஊசி சிக்கிக்கொள்ளும். இதை பாபுராவிடம் சொல்லியிருக்கிறேன், டிரைவர்களிடம் சொல்லியிருக்கிறேன், டீ கொண்டுவருபவரிடம்கூடச் சொல்லியிருக்கிறேன்.

ஷிண்டேயின் டிரைவர் சந்தோஷ் ரொம்ப நல்ல மனிதர், சும்மா உட்காரத் தெரியாது, அவ்வளவுதான் குறை. ஒருநாள் நான் செம்பு வாஷர் எடுக்க உள்ளே போய் வருவதற்குள், எனக்கு உதவி செய்வதாக நினைத்து, நாலு இன்ஜெக்டரையும் மூடி கழற்றி, அட்டையைப் பிய்த்துப்போட்டு, வாளி டீசலில் குளிப்பாட்டி, வேஸ்ட் துணியால் பளபளவென்று துடைத்து வரிசையாக வைத்திருந்தார். துணியின் நார் நாலு வாயிலும் மீசையாக நீட்டிக்கொண்டிருந்தது. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளக்கூடக் கை ஓயவில்லை, மறுபடி முதலிலிருந்து பிரித்து, கழுவி, டெஸ்ட் பண்ண வேண்டும். எது எந்த சிலிண்டர் என்று இனி யாருக்குத் தெரியும் என்று கத்தினேன். சந்தோஷ் சாந்தமாகச் சொன்னார்: "நாலும் ஒரே வீட்டுப் பிள்ளைங்கதானே அண்ணா, யார் எங்க படுத்தா என்ன?"

மதியச் சாப்பாடு

புணேயில் மதியம் ஒரு மணிக்குக் கடை அடைத்தால் நாலு மணிவரை கடவுளே வந்தாலும் திறக்கமாட்டார்கள். நாங்களும் அப்படித்தான். ஒருநாள் ஏரவாடாவிலிருந்து ஒரு பழைய ஜீப் வந்தது. மூன்று இன்ஜெக்டர் கழன்று வந்துவிட்டது, ஒன்று கரி பிடித்து அசைய மறுத்தது. எண்ணெய் விட்டு ஊறவிடுவோம், சாயங்காலம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு நான் சாப்பிடப் போனேன். வண்டிக்காரருக்கு அவசரம். பாபுராவுக்கோ, கழற்ற முடியாத பொருள் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதே அவமானம்.

நான் போனதும் அவர் கழற்றிய மூன்றையும் திரும்ப மாட்டி, முரண்டு பிடித்ததன் நட்டை மட்டும் தளர்த்திவிட்டு, வண்டியை ஸ்டார்ட் பண்ணியிருக்கிறார். இன்ஜினுக்குள் இருக்கிற அழுத்தம் தள்ளிவிடும் என்ற கணக்கு. தள்ளியது. சரியாக நான் திரும்பி வருகிற நேரம், கொட்டகைக்குள்ளிருந்து துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம், தகரக் கூரையில் ஓர் ஓட்டை. வண்டிக்காரர் டயருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். எனக்குக் கோபத்தில் தெரிந்த மூன்று பாஷையும் மறந்துவிட்டது, ஊமை மாதிரிக் கையை ஆட்டினேன். யார் மண்டையிலாவது பட்டிருந்தால்? பாபுராவ் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஜாவூ தே அண்ணா, விட்டுத் தள்ளுங்க, வெளியே வந்துடுச்சுல்ல?" என்றார்.

பிள்ளையார் பார்த்துக்கொள்வார்

பெட்ரோல் கார்களிலும் இன்ஜெக்டர் வந்த பிறகு பாணேர்த் தமிழ்ப் பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். தமிழ் பேசத் தயங்குகிற, மரியாதையான பிள்ளைகள். ஒரு பையன் வண்டி மாதக்கணக்கில் இழுத்து இழுத்துப் போகிறது என்றான். கோளாறு இருந்தால் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியுமே, எரியவில்லையா என்று கேட்டேன். இல்லை என்றான். குனிந்து பார்த்தால், விளக்கு இருக்கிற இடத்தில் ஒரு பிள்ளையார் ஸ்டிக்கர். பிள்ளையாரின் காதோரம் மஞ்சளாக ஒளி கசிந்துகொண்டிருந்தது. "லைட் ரொம்ப டிஸ்டர்ப் பண்ணுச்சு அங்கிள், அதான் சாமி ஒட்டிட்டேன்" என்றான்.

சந்தனமும் குங்குமமும்

இவ்வளவுக்கும் நடுவே ஷிண்டேயின் வண்டி ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. அந்த ஆயுத பூஜை வரை. அன்று காலை அவருடைய வண்டி ஒன்றுக்கு நாலு இன்ஜெக்டரும் டெஸ்ட் முடித்து, மூடி போட்டு, மேசையில் வைத்துவிட்டு, பாபுராவிடம் மாட்டி அனுப்பச் சொல்லிவிட்டு, நான் பூசணிக்காய் வாங்கப் போனேன். வருஷத்துக்கு ஒருநாள் கடைக்கு வருகிற செல்வி அன்று சந்தனக் கிண்ணத்தோடு வந்திருந்தாள். நான் திரும்பியபோது வண்டி போய்விட்டிருந்தது. ஸ்பானர், சுத்தியல், டெஸ்டர் எல்லாம் சரஸ்வதி படத்துக்கு முன்னால் பொட்டு வைத்து உட்கார்ந்திருந்தன. "நாளைக்குக் காலைல வரைக்கும் ஒண்ணையும் தொடக் கூடாது" என்றாள். சுண்டலில் கை வைத்தேன். தெருமுனையில் ஷிண்டேயின் வண்டி கயிறு கட்டி இழுத்து வரப்பட்டது. இழுத்து வந்த வண்டியில் ஷிண்டேயே இருந்தார்.

சுண்டலைக் கீழே வைத்துவிட்டு, யார் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "பூஜைல வாயை மூடி வைப்பாங்களா? நாந்தான் மூடியை எடுத்துட்டு, வாய்க்கு வாய் சந்தனமும் குங்குமமும் வச்சேன்" என்றாள் செல்வி. பாபுராவைப் பார்த்தேன். சாமிக்கு வைத்ததைத் துடைக்கலாமா என்று பயந்து, அப்படியே பைப்பை மாட்டினாராம். தூசி படக் கூடாது என்று டீக்காரருக்கெல்லாம் பாடம் எடுத்தவன் வீட்டுக்காரி, குங்குமத்தையே உள்ளே போட்டு அனுப்பியிருக்கிறாள். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. ஷிண்டே இறங்கி, "சொன்னது ஞாபகம் இருக்கா?" என்று மட்டும் கேட்டார். கழற்றிப் பார்க்கிறேன் என்றேன். ஆனால் ஸ்பானர் பூஜையில். பாபுராவ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நகர்ந்தார். எனக்கும் கை நீளவில்லை. செல்விதான் முன்னால் வந்தாள். படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். விளக்கை ஓரமாக நகர்த்தி, பொட்டோடு இருந்த ஸ்பானரை எடுத்து என்னிடம் நீட்டினாள். "வண்டி நிக்குதுல்லா, பிடிங்க" என்றாள். கடை வேண்டாம் என்று சொன்னவள்.

கழற்றி, டெஸ்டரில் மாட்டி, அழுத்தினேன். முதலில் ஒன்றும் வரவில்லை, பிறகு சிவப்பாக ஒழுகியது. ஷிண்டே கண்ணை இடுக்கிக்கொண்டு குனிந்தார். மறைத்து என்ன ஆகப்போகிறது, நடந்ததை அப்படியே சொன்னேன். நாலையும் பிரித்துக் கழுவி, பைப்பை ஊதி, பழையபடி மாட்டி, ஸ்டார்ட் பண்ணினேன். புகை இல்லை. ஆனால் வண்டி திரும்பி வந்தது வந்ததுதான்; கடை போயிற்று என்று மனதுக்குள் ஷட்டரை இழுத்துவிட்டேன். ஷிண்டே டெஸ்டரின் தட்டில் தேங்கியிருந்த சிவப்பு டீசலை ஒரு விரலால் தொட்டார். செல்வியைப் பார்த்தார், பூஜையில் ஒரு ஸ்பானர் குறைந்த வரிசையைப் பார்த்தார். விரலை நெற்றியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "அண்ணா, என் வண்டி திரும்பி வரல. பிரசாதம் வாங்க வந்துச்சு."

வருஷக்கணக்கில் நாசிலில் ஒரு தூசி படாமல் காத்து நான் வாங்காத பேரை, அதன் வாயில் ஒரு சிட்டிகை குங்குமத்தைப் போட்டு என் மனைவி வாங்கிவிட்டாள் என்பதால், இப்போதெல்லாம் தாபோடியில் யாருக்கும் நான் இந்தத் தொழிலை விளக்குவதில்லை.