மேற்குச் சுவரில் காசில்தாவின் பங்கு

1782. கோயில் கட்டி முடிந்தது. செலவு எழுதிவைக்கப்படவில்லை.
1966 ஜூன். மண் பூச்சு. வைக்கோல் 9 டாலர், சாப்பாடு 31 டாலர்.
1967 ஆகஸ்ட். சிமெண்ட் பூச்சு. 3,860 டாலர்.
1978 அக்டோபர். மேற்குச் சுவர் பிதுங்கியது. கோயிலுக்குப் பூட்டு, 4 டாலர் 15 சென்ட்.

நியூ மெக்சிகோவில் சான் லியோன்சியோ கோயிலை ஸ்பானியக் கிறிஸ்தவத் துறவிகள் சுடாத மண் கல்லால் கட்டினார்கள். அதைக் காத்தவர்கள் ஊர்ப் பெண்கள். வருஷா வருஷம் வைக்கோலும் மண்ணும் குழைத்து வெறுங்கையால் பூசுவார்கள். வீட்டுக்கு இவ்வளவு சுவர் என்று பங்கு உண்டு. ஊரின் பழைய காவல் கோபுரத்தைப் பார்த்த மேற்குச் சுவரில், வாசலை ஒட்டிய பங்கு காசில்தாவுடையது. அவள் இடக்கைக்காரி. அவள் பூசிய இடத்தில் மட்டும் விசிறி விசிறியாக விழும் கைத்தடம் மறுபக்கம் சாய்ந்திருக்கும்.

அவள் கணவர் எபிமேனியோ வால்வெர்தே ஆடு வளர்ப்பவர். அதிகம் பேசமாட்டார். சிமெண்ட் பூசலாமா என்று ஊர்க்கூட்டம் கேட்டபோது முதலில் கை தூக்கியவர் அவர்தான். மனைவியின் விரல்கள் வெடித்து ரத்தம் கசிவதைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர்.

“இனி உனக்கு ஓய்வுதான்” என்றார் வீட்டுக்கு வந்து.

“கேட்டேனா உன்கிட்ட?” என்றாள் காசில்தா. “ஆட்டுக்குக் கோட்டு மாட்டிவிடுறதுதானே? அதுவும்தான் குளிருது.”

மண் சுவர் மூச்சு விடவேண்டும். சிமெண்ட் அதை அடைத்தது. கீறல் வழியே உள்ளே போன மழைநீர் வெளியே வரவில்லை. பதினோரு வருஷத்தில் சுவர் நிறைமாத வயிறு போலத் தள்ளிக்கொண்டு நின்றது. இறுதிச் சடங்குகூட இனி டவுன் கோயிலில்தான் என்று மறைமாவட்ட அலுவலகம் சொல்லிவிட்டது.

அந்தக் குளிர்காலத்தில் காசில்தா படுத்தவள் எழவில்லை.

“என்னை அந்த வாசல் வழியாத்தான் எடுத்துட்டுப் போகணும். டவுன் கோயில்ல தரை மெழுகு நாத்தம். எனக்கு ஆகாது.”

“மறைமாவட்டத்துக்கு எழுதிப் போட்டிருக்கேன்.”

“நீ எழுதினா கடுதாசிக்கே தூக்கம் வரும்.”

அவர் மூன்று முறை எழுதினார். பரிசீலனையில் இருக்கிறது என்று இரண்டு பதில்கள் வந்தன. மார்ச் ஆறாம் தேதி அவள் இறந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பெட்டியை லாரியில் ஏற்றினார்கள். கோயில் வாசலில் எபிமேனியோ வண்டியை நிறுத்தச் சொன்னார். காசில்தாவோடு சேர்ந்து மண் பூசிய எவுபேலியா பின்னாலேயே இறங்கினாள்.

“அண்ணே, உடைச்சிடவா? நாலு டாலர் பூட்டுதானே!”

“வேண்டாம். தூக்குறவங்க மேல சுவர் விழுந்தா?”

அவர் வண்டியிலிருந்து சுத்தியலை எடுத்துவந்து, வாசலை ஒட்டிய பங்கில் சிமெண்டை அடித்தார். கம்பி வலையோடு ஒரு பாளம் கழன்று விழுந்தது. அடியில் சுவர் கூழாகியிருந்தது. சரிந்து அவர் செருப்பை மூடியது. மேலே, கூரை நிழலில் மட்டும் பழைய மண் காய்ந்தபடி இருந்தது. அதில் விசிறிகள், மறுபக்கம் சாய்ந்து.

“அவ கைதான்” என்றாள் எவுபேலியா. “சண்டாளி, எத்தனை தடவை சொன்னேன், எங்க பக்கம் பார்த்து இழுடின்னு.” சொல்லிவிட்டு அழுதாள்.

எபிமேனியோ அழுகை வரும் என்று நின்றார். வரவில்லை. அந்தத் தடத்தில் கையை வைத்துப் பார்க்கவும் இல்லை. காற்று வடக்கிலிருந்து அடிக்கிறது, பெட்டி மேலுள்ள போர்வை பறந்துவிடும் என்பதைக் கவனித்தார். போர்வையை இழுத்துச் செருகினார்.

“பதினொரு மணிக்கு ஃபாதர் காத்திருப்பார். கிளம்பலாம்.”

டவுன் கோயிலில் தரை மெழுகு நாறியது.

திருமதி காசில்தா வால்வெர்தேயின் இறுதிச் சடங்குக்கு மட்டும், சுவருக்கு முட்டுக் கொடுத்து, சான் லியோன்சியோவின் வாசலைத் திறந்துகொள்ளலாம் என்ற அனுமதிக் கடிதம் 1979 மார்ச் 29, வியாழக்கிழமை வந்து சேர்ந்தது.